'மாதா'வும் நம் மனக்குறையும்

மாயா அருட்பிரகாசம் என்னும் பெயரை மட்டக்களப்பிலே எத்தனை பேர் அறிவர்? மேலைநாட்டார் அவரை எம்.ஐ.ஏ. என்பர். லண்டனிலே பிறந்து, யாழ்ப்பாணத்திலே மழலை பேசி, போர் துரத்த மீண்டும் லண்டன் சேர்ந்த தமிழ்ப் பெண். மின்னிசையின் இரைச்சலுக்கு நடுவே நம் இனத்தின் தோற்கருவியை உலக அரங்கில் ஏற்றியவர். 2022 அக்டோபரில் வெளிவந்த அவருடைய 'மாதா' என்னும் இசைத்தொகுப்பைப் பன்முறை கேட்டேன். மகிழ்ந்தேன் என்றே எழுத ஆசை. எழுத முடியவில்லையே!

காரணம் 2007ஆம் ஆண்டிலே கிடக்கிறது. அவ்வாண்டு மார்ச்சில் வவுணதீவும் பட்டிப்பளையும் வெல்லாவெளியும் ஷெல்லடிக்குள் சிக்கின. படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்து தறப்பாள் கூடாரங்களில் முடங்கினர். கண்ணகை அம்மன் சடங்கிலே பறை முழக்கிய கைகள் நிவாரண அரிசிக்கு நீண்டு நின்றன. அந்த ஆகஸ்டில்தான் 'கலா' வந்தது. அமெரிக்க விசா கிடையாமையால் நாடு நாடாய் அலைந்து, சென்னையிலே உறுமிக்காரரை அமர்த்தி, தாயின் பெயரைச் சூட்டி அவர் ஆக்கிய தொகுப்பு. 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டிலே உறுமி அதிர்ந்தபோது, வாயடைத்துக் கிடந்த எங்களுக்கு, யாரோ வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரித்தது போலிருந்தது. உறுமி தமிழகத்துக் கருவி. எங்கள் பறை வேறு. வேறானால் என்ன, உறவு உறவுதானே!

'கலா'விலே மேளம் நிலமாய் இருந்தது. குரல் அதன்மேல் நடந்தது. 'மாதா'விலோ தாளம் தோரணமாய்த் தொங்குகிறது. முக்கால் மணி நேரங்கூட ஓடாத தொகுப்பு. ஒரு கட்டு நெஞ்சிலே ஊன்றுமுன் அடுத்தது வந்து தள்ளிவிடுகிறது. 'பாப்புலர்' என்ற பாட்டு தன்விளம்பரக் காலத்தை எள்ளுகிறதாம். எள்ளல் எங்கே முடிகிறது, தற்புகழ்ச்சி எங்கே தொடங்குகிறது? எனக்கு விளங்கவில்லை. அவர் கிறித்துவைக் கண்டதாகக் கூறியதைச் சிலர் குறைசொல்கின்றனர். நான் சொல்லேன், அஃது அவருடைய மனச்சான்றின் பாற்பட்டது.

ஆயினும் இப்படி அளந்து பார்க்க எனக்கு என்ன உரிமை? 2009இல் முள்ளிவாய்க்கால் எரிந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியிலே அமர்ந்து வாய்திறந்தவர் அவர். வெள்ளை வானுக்கு அஞ்சி வாளாவிருந்தவர் நாம். நாம் எழுத அஞ்சிய முறைப்பாட்டையெல்லாம் அந்தப் பெண்ணின் தலையிலே ஏற்றினோம்; பாட்டுக்குப் பாட்டு அதையே சுமக்கவேண்டுமென எதிர்பார்த்தோம். 2016இல் 'எய்ம்' வந்தபோது இதுவே கடைசி என்றார். அப்போதாவது அவருடைய களைப்பை உணர்ந்தோமா?

தமிழ்ப் பெயர் தாங்கிய 'புத்தி' என்ற பாட்டை என் மகள் விரும்பிக் கேட்கிறாள். 2007இல் அவள் பிறக்கவில்லை. அதிலே அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. நானோ, கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் 'கலா'வையே மறுபடி வைக்கிறேன்.