மனநோயும் வறுமையும் நாட்டின் உறுதிப்பாடும்

ஒரு நாட்டின் உறுதியை எல்லைக் காவலைக் கொண்டும் உணவுக் கையிருப்பைக் கொண்டும் மதிப்பிடுவது வழக்கம். குடிமக்களின் மனநலமும் அம்மதிப்பீட்டில் இடம்பெற வேண்டியதே. மனநோயாளர் கலகம் விளைவிப்பர் என்ற பொருளில் இது கூறப்படவில்லை, அவ்வெண்ணம் பிழையானது. நோயுற்ற குடும்பம் சிறிது சிறிதாகச் சரிவதும், அரசின் மீது அது கொண்டிருந்த நம்பிக்கை தேய்வதுமே இங்குக் கருதப்படும் ஆபத்து.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனும் தேசிய மனநல, நரம்பியல் நிலையம் 2015–16இல் 12 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் அப்போது ஏதேனும் ஒரு மனக்கோளாறுக்கு ஆளாகியிருந்தனர். வருவாயில் கடைநிலையிலுள்ளோரிடையே இத்துன்பம் மிகுந்திருந்தது. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை. சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் குடும்பங்கள் மாதந்தோறும் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட நேர்ந்தது.

இத்தொகை சிறிதெனத் தோன்றலாம். தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சிறிதன்று. நோயாளியுடன் செல்பவரின் ஒரு நாள் கூலியும் உடன் போய்விடுகிறது. இரண்டொரு மாதத்தில் மாத்திரை நின்று நோய் மீளுகிறது. ஆடு விற்கப்படுகிறது, கடன் ஏறுகிறது, தாயைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டில் இது தவணை தவறிய கடன். பள்ளிப் பதிவேட்டில் இடைநிற்றல். மனநோய் என்ற பெயரில் எந்த ஏட்டிலும் அது ஏறுவதில்லை. பெங்களூர் நகரிலேயே, வசதியுள்ள ஒருவர் விடுப்பெடுத்துத் தனியார் மருத்துவரிடம் தீர்த்துக்கொள்ளும் நோய், கட்டட வேலைக்கு வந்த கொத்தனாரின் குடும்பத்தை ஊருக்கே திருப்பியனுப்பிவிடக் கூடும்.

மருந்தை மக்களிருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்ல இயலும் என்பது புதிய செய்தியன்று. 1985 முதல் 1990 வரை பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய முயற்சியில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. இன்றியமையாத சில மருந்துகளைக் கொண்டே நோயாளர் பலர் தம் வட்டாரத்தில் சிகிச்சை பெற்றனர். அதனை முன்மாதிரியாகக் கொண்ட மாவட்டத் திட்டம் 1996இல் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட 4 மாவட்டங்களில் தொடங்கிற்று. பெல்லாரியின் அனுபவத்துக்குப் பின் இவ்வளவு தாமதம் நேர்ந்திருக்க வேண்டியதில்லை.

மனநலச் சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. எனினும் தொலைபேசி மாத்திரையைக் கையில் கொடுக்காது. ஆகவே முதற்செலவு வட்டார நிலையங்களில் மருந்து இடையறாது இருப்பதற்கே ஆதல் வேண்டும். நெடுநாள் வராத மாணவியின் வீட்டில் நோயுற்றோர் உளரா என ஆசிரியர் வினவலாம். களப்பணியாளர், மாத்திரை வாங்க வராதோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அவ்வீடுகளுக்கே முதலில் செல்லலாம்.