பரணில் கிடக்கும் கேசட்டை இறக்குங்கள்!

போன மாதம், எங்கள் எதிர்வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது, இருபது வீடியோ கேசட்டுகளை பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டு விட்டனர். அதில் இரண்டின் மேல், 'கல்யாணம்' என்று பேனாவால் எழுதியிருந்தது. கேட்டதற்கு, "டெக்கே இல்லை; இதை வெச்சு என்ன பண்றது?" என்றாள் அந்த வீட்டுத் தோழி. எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1993-ல் நான் ஒன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் விசேஷம் என்றால், டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். தெருவே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். 'வாடகை கொடுக்கிற காசுக்கு சொந்தமாவே வாங்கிடலாம்' என்ற ஆசை அப்பாவுக்கு வந்து விட்டது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்துத் தெருக்காரர், தன் டெக்கை ஒன்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். படம் பார்க்க மட்டுமே உதவும் விசிபி இல்லை அது. டிவியில் வருவதைப் பதிவும் செய்யும் விசிஆர். அப்பாவின் மாதச் சம்பளமோ ஆயிரத்து எண்ணூறு ரூபாய்!

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டிரண்டு பவுனில் இருந்த இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. "மூணே மாசத்துல மீட்டுடறேன்" என்றார் அப்பா. வட்டி ஏறி, நகை மூழ்கிப் போனதுதான் மிச்சம்.

டெக் வந்ததும் எங்கள் வீடு தியேட்டர் மாதிரி ஆகி விட்டது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டே அம்மாவுக்குப் பொழுது போய்விடும். அடுக்களை வாசற்படியில் நின்று பாதிப் படம்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம், கிரிக்கெட் மேட்ச் என்று அப்பா எதையாவது பதிவு செய்து கொண்டே இருப்பார். புது கேசட் வாங்கக் காசில்லாவிட்டால், பழையதன் மேலேயே பதிந்து விடுவார்.

1995-ல் தம்பிக்குக் காதுகுத்து. வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது மூன்று மணி நேர கேசட். அம்மா அதைக் கையில் எடுத்துக் கொண்டு, வாடகை கேசட் கடைப் பையனிடம் போய், "இது அழியாம இருக்க என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்து விட்டால், மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும், கத்தி நுனியால் அதை நெம்பி எடுத்து விட்டார் அம்மா. "என் வளையல் காசு இதுலயாச்சும் நிக்கட்டும்" என்று அன்று அவர் சொன்னது, இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு.

1996-ல் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்தபோது, அவசரத்துக்கு அந்த கேசட்டைப் போட்டு, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினார் அப்பா. டெக் அதை வெளியே தள்ளி விட்டது. மறுபடி போட்டார், மறுபடியும் தள்ளியது. "கேசட் கெட்டுப் போச்சு போலிருக்கு" என்று தூக்கி வைத்து விட்டார். அடுக்களையில் அம்மா சிரித்துக் கொண்டிருந்தார்.

பிறகு சிடி வந்தது, டிவிடி வந்தது. எங்கள் டெக், ஐம்பது ரூபாய்க்குப் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. 2019-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்து விட்டார். அவரது பெட்டியைத் திறந்தபோது, பட்டுச் சேலை மடிப்புக்குள் அந்த கேசட் இருந்தது. டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

வீடியோ கேசட்டை மாற்றித் தரும் ஸ்டுடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அவர்கள் சுத்தம் செய்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் கோடு கோடாகத்தான் ஓடுகிறது. வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு, யார் பேச்சும் கேட்காமல் செய்திருந்தார். ஆனால், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது துவங்குவதற்குள், பந்தி வாசலில் நின்று, "வாங்க... சாப்பிட்டுட்டுப் போகலாம் வாங்க" என்கிறார் அம்மா. கையில் வளையல் இல்லை. பத்து விநாடிதான். என் அம்மாவின் குரல், இந்த உலகத்தில் அந்தப் பத்து விநாடிதான் இருக்கிறது.

'பழசைக் கட்டிக் கொண்டு அழுவானேன்' என்று சிலர் சொல்லலாம். பழைய டெக்குக்காக நான் அழவில்லை. 1976-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த விஎச்எஸ் ரெக்கார்டரை, கடைசியாகத் தயாரித்துக் கொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியும், 2016-ல் நிறுத்தி விட்டது. இன்று ஓடுவதெல்லாம் பழைய மிஷின்களே. அவையும் பழுதானால், கேசட் இருந்தும் பயனில்லை. நாளாக ஆக, கேசட்டுக்குள் பதிந்ததும் மங்கிக் கொண்டே போகும்.

ஆகவே தோழிகளே, இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணைப் பாருங்கள். கேசட்டின் கண்ணாடி வழியே பூஞ்சை தெரிந்தால், யார் வீட்டு டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள். டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். தெரிந்த ஸ்டுடியோவில் கொடுத்து, இரண்டு பிரதி எடுத்து, அண்ணனிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று என்று வையுங்கள். எனக்கு ஆன செலவு, ஒரு நல்ல சேலை விலை கூட இல்லை.

இன்னொன்று... வீட்டில் மொபைலில் வீடியோ எடுக்கும்போது, பந்தி பரிமாறிக் கொண்டிருக்கும் அம்மாவையும், மாமியாரையும் கூப்பிட்டு, நாலு வார்த்தை பேச வையுங்கள். பாட்டைப் போட்டு அந்தக் குரலை மறைத்து விடாதீர்கள்.

என் வளையலுக்கு வந்த விலை இது என்று, அம்மா எனக்கு எடுத்து வைத்தது அந்தப் பத்து விநாடி. உங்கள் அம்மா என்ன எடுத்து வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

— ஒரு வாசகி, மயிலாடுதுறை.