பின் கேட்டு லாரி

கம்பெனிகள் மரம் நடுவதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுப்பதும் கண் சிகிச்சை முகாம் நடத்துவதும் நல்ல காரியங்களே. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பிள்ளைகள் இன்று பன்னாட்டுக் கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையைச் சுத்தம் செய்யும் போட்டோவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பொறுப்பை அந்தப் போட்டோவை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கட்சி. அளக்க வேண்டிய இடம் அதன் பின் கேட்டு. அங்கே நிற்கும் லாரியில் என்ன ஏறுகிறது, அது எங்கே போகிறது என்பதே கேள்வி.

ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தப் பின் கேட்டுப் புத்தி. கழற்றிய தண்டவாளமோ, தேய்ந்த ஃபிஷ் பிளேட்டோ, எதுவானாலும் ஸ்கிராப் என்று ஆன பிறகும் கணக்கில்தான் இருக்கும். ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்தால் ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், ஆர்.பி.எஃப். மூவரும் நின்று எடை பார்ப்பார்கள். புதுச் சாமானை வாங்கும்போது போடும் கையெழுத்தைவிடப் பழையதை வெளியே விடும்போது போடும் கையெழுத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். அத்தனையும் திருட்டுப் பயத்தால் வந்த ஏற்பாடு. விஷச் சரக்கு வெளியே போகும் இடத்தில் அந்தப் பயம் இரண்டு மடங்கு இருக்க வேண்டாமா?

கொடைக்கானல் கதை உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படகு விட்டுவிட்டு வருகிறோமே, அதே ஊர்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1987இல் அது யூனிலீவர் குடும்பத்துக்கும், பின்னர் அன்றைய ஹிந்துஸ்தான் லீவரிடமும் வந்தது. பாதரசம் கப்பலில் வந்தது. தெர்மாமீட்டர் கப்பலில் போனது. உடைந்த கண்ணாடி மட்டும் மலையில் தங்கியது.

2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் அந்தக் கண்ணாடியை ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்துக் கூட்டம் கூட்டினார்கள். உற்பத்தி நின்றது, ஆலை திரும்பத் திறக்கப்படவே இல்லை. ஆலையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இருந்த வியாபாரிக்கு 5.3 டன் கண்ணாடி விற்கப்பட்டதாகவும், அதில் 0.15 சதவீதம் பாதரசம் தங்கியிருந்ததாகவும், அது தன் விதிமுறைகளுக்கே விரோதம் என்றும் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கம்பெனி சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம் (ஆர்வலர்கள் சொன்னது இதைவிட அதிகம்). 5,300 கிலோவில் 0.15 சதவீதம் என்றால் ஏறக்குறைய 8 கிலோ பாதரசம். பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம்; ஆகவே 8 கிலோ என்பது சுமார் 600 மில்லி. ஒரு சொம்பு நிறையாது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், வாசனை கிடையாது, நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கடையில் கண்ணாடியைக் கையால் பொறுக்கியவருக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

அதன்பின் நடந்ததை வருஷத்தோடு பாருங்கள். 2003இல் ஆலையிலிருந்த சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள், கம்பெனி மறுத்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் பாடிய ஒரு பாட்டு உலகமெல்லாம் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாகச் சமரசம் ஏற்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை. ஆலையை மூடிப் பதினைந்து வருஷம்! மண்ணைச் சுத்தம் செய்வதில் தகராறு அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்றது இங்கே வகுத்த அளவு. இங்கிலாந்தில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடப் பலமடங்கு கடுமையான அளவு இருக்கும்போது எங்கள் மலைக்கு ஏன் இல்லை என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆலையை ஒட்டித்தான் பாம்பாறு சோலை. பாம்பாறு கும்பக்கரை அருவியாக இறங்கிப் பெரியகுளம் பக்கம் போகிறது.

இதில் என்னை உறுத்துவது, இது ஏதோ சந்துக்குள் இருக்கும் திருட்டுப் பட்டறையின் வேலை அல்ல என்பது. இதே யூனிலீவர் 2010இல் நிலைத்த வாழ்வுக்கென்று பெரிய திட்டம் அறிவித்து, உலகம் முழுவதும் பாராட்டு வாங்கிய ஸ்தாபனம். கை கழுவக் கற்றுக் கொடுத்ததும் பொய்யல்ல. இரண்டும் ஒரே கம்பெனிதான். விதிப் புத்தகம் தலைமை அலுவலகத்தில் இருந்தது, கேட் பாஸ் மலைமேல் எழுதப்பட்டது. அந்த பாஸில் கையெழுத்திடும் நாற்காலிகளில் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் செலவை அந்த 2 சதவீதத்தில் காட்டக் கூடாது என்றும் விதி உண்டு. அப்படியானால் தன் கழிவைத் தானே ஒழுங்காகக் கையாளுவது தர்மம் அல்ல, தொழில். தர்மக் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பவர்கள் தொழில் கணக்கையும் அதே எழுத்தில் போடட்டுமே.

புனேயில் வேலை பார்க்கும் நண்பரின் மகள், "மாமா, நீங்கள் பழைய காலத்திலேயே இருக்கிறீர்கள். இப்போது எல்லாம் அறிக்கையில் வந்துவிடுகிறது" என்றாள். அவள் சொன்னது பாதி சரி. 2022-23 முதல் பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள், கழிவு எத்தனை டன், அதில் அபாயமானது எவ்வளவு, விபத்து எத்தனை என்றெல்லாம் செபிக்கு அறிக்கை தர வேண்டும். ஆனால் அதைப் படிக்க ஆள் வேண்டும்!

அந்த ஆள் நாமாக இருக்கலாம். ஓய்வுபெற்ற நம்மவர்களில் ஹிந்துஸ்தான் லீவர் பங்கு இல்லாதவர்கள் குறைவு; என்னிடமும் கொஞ்சம் உண்டு. டிவிடெண்ட் வந்ததா என்று பார்க்கும் அக்கறையில் கால் பங்கைச் செலவழித்து, ஆண்டறிக்கையின் கழிவு அட்டவணையையும் ஒப்பந்தத் தொழிலாளர் விபத்துக் கணக்கையும் பாருங்கள். சென்ற வருஷத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். இப்போது பல கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை வீடியோ மூலம் நடத்துகின்றன. நாக்பூரிலிருந்தே பங்குதாரராகப் பேசலாம். பேசுவதற்குப் பெயர் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி கூட்ட நோட்டீஸிலேயே இருக்கும், பெரும்பாலும் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். ஆங்கிலத்தில் கேள்வி எழுதச் சிரமப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.