பிரதி எடுத்த கோப்புறையால் ஆய்வுகூடம் நடக்காது

திறந்த மூல மென்பொருள் திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் பௌதிகவியல் ஆய்வுகூடங்களுக்கு ஒத்துவராது என்று எழுதிய அன்பர் மூன்று காரணங்களை அடுக்கியிருக்கிறார். மென்பொருளைப் பொதியாக்குவது நிபுணர்களின் பொழுதுபோக்கு, கோப்புறையைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்தாலே போதும் என்பது முதலாவது. இலங்கைத்துறை போன்ற கரையோரக் கிராமத்துக்கு இணையக் களஞ்சியத்தால் பயனில்லை என்பது இரண்டாவது. காசு கொடுத்து வாங்குவதே நம்பகமானது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு, மூன்றாவது நம் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநியாயமும்கூட.

முதலாவதைப் பார்ப்போம். புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் தன் பீனிக்ஸ் திட்டத்தில் உருவாக்கிய கருவி எக்ஸ்ப்ஐஸ். யு.எஸ்.பி. வடத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, மின்னழுத்தத்தை அளந்து, திரையில் வரைபடமாகக் காட்டும். அதன் மென்பொருள் பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. கோப்புறையை மட்டும் பிரதி எடுத்த கணினியில் அந்தக் கருவியைச் செருகிப் பாருங்கள். தொடர்துறை நூலகம் இல்லை என்று முதல் பிழை வரும். அதைப் போட்டால் வரைபட நூலகம் இல்லை என்று வரும். அதையும் போட்டால், கருவியைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று கணினி மறுக்கும். நாற்பது நிமிடப் பாடவேளை இதிலேயே கரைந்துவிடும். டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் களஞ்சியத்தில் எக்ஸ்ப்ஐஸுக்காக உள்ள ஐஸ்17 பொதியோ தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பிரதி எடுத்த கோப்புறை காலத்தோடு மாறவும் மாறாது. 2020 ஜனவரி 1 அன்று பைத்தன் 2க்கான ஆதரவு நின்றது. அதை நம்பியிருந்த பழைய கோப்புறைகள் கவனிப்பாரற்றுப் போயின. பராமரிக்கப்படும் பொதி பைத்தன் 3க்கு மாறி இன்றும் இயங்குகிறது. அந்தப் பொதியைப் பராமரித்துவருபவர்களில் ஒருவரான ஜார்ஜ் கஸ்னாதார் பிரான்சில் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர். வகுப்பறைத் தேவையை அறிந்த ஒருவர் செய்த உழைப்பைப் பொழுதுபோக்கு என்பது அறியாமை.

இரண்டாவது வாதம், பொதி என்றால் என்னவென்றே தெரியாததால் பிறந்தது. பொதி என்பது ஒரு கோப்பு. திருகோணமலை நகரில் இணையமுள்ள ஒரு கணினியில் அதையும் அது சார்ந்தவற்றையும் இறக்கி, வெருகல் வரை எடுத்துச்சென்று நிறுவலாம். இதற்கென்றே அப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியும் உண்டு. இணையம் இல்லாத ஊருக்குத்தான் ஒழுங்காகக் கட்டிய பொதி அதிகம் தேவை. அங்கே விடுபட்ட நூலகத்தைத் தேடி இறக்க வழியில்லை.

மூன்றாவது, காசு. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தொட்டது. தாள் இல்லாமல் பரீட்சையே தள்ளிப்போன ஆண்டு அது. டொலரில் உரிமம் புதுப்பிக்கும் மென்பொருளை நம்பிய ஆய்வுகூடம் அத்தகைய ஆண்டில் பூட்டிக் கிடக்கும். அந்த மென்பொருளில் ஒரு தமிழ்ச் சொல் சேர்க்கவும் நமக்கு உரிமை இல்லை. எக்ஸ்ப்ஐஸின் மூலநிரல் திறந்தது. தமிழ் இடைமுகத்தை நாமே எழுதலாம்.

ஆசிரியர்களே, இருக்கும் பழைய கணினி ஒன்றில் டெபியனை நிறுவுங்கள், ஐஸ்17 பொதியைப் போடுங்கள், ஊசலின் அலைவுக் காலத்தை மாணவரையே அளக்கவிடுங்கள். திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி பயில்வோரே, தமிழாக்கத்தைக் கையிலெடுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது எட்டாது என்று இனி எவரும் தீர்ப்பெழுத இடம்கொடுக்காதீர்கள்.