நிறுவனத்தை இணையுங்கள், ஆனால் பதிவேட்டைத் தொலைக்காதீர்கள்

போன வாரம் தரம் 10 விஞ்ஞானப் பாடத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், எங்கப்பா பால் வெட்டுற மரத்துக்கு ஆர்.ஆர்.ஐ.சி. 100னு பேரு. அதுல 'சி'ன்னா என்னா சேர்?"

"சிலோன்" என்றேன். "நாட்டுப் பேரே மாறிருச்சே சேர், மரத்துப் பேரு ஏன் மாறல?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி வீடு வரை வந்தது.

1909இல் களுத்துறைத் தோட்டத் துரைமார் சிலர் சேர்ந்து ஓர் இரசாயனவியலாளரை வேலைக்கு வைத்தார்கள். நமது இறப்பர் ஆராய்ச்சியின் தொடக்கம் அதுதான். 1951இல் அது இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் ஆனது. ஆங்கிலப் பெயரில் அப்போது 'சிலோன்' இருந்தது. நாட்டின் பெயர் 1972இல் மாற, பின்னால் வந்த இனங்கள் ஆர்.ஆர்.ஐ.எஸ்.எல். ஆயின. பழைய மரங்கள் பழைய பெயரோடே நிற்கின்றன.

இப்படி மாறியது இது ஒன்று மட்டுமல்ல. கொழும்பில் 1955இல் தொடங்கிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் 1998இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் ஆனது. அதே வருடம் மலேசியாவில், 1925இல் தோன்றிய இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தை வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்த்து மலேசிய இறப்பர் சபை ஆக்கினார்கள்.

தேயிலைக்கு ஒன்று, இறப்பருக்கு ஒன்று, தெங்குக்கு ஒன்று என்று இந்தச் சின்ன நாட்டுக்கு எதற்கு இத்தனை நிறுவனம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பிரிவையும் வாகனங்களையும் விலையுயர்ந்த கருவிகளையும் பொதுவாக்கினால் காசு மிச்சம். அதை நான் எதிர்க்கவில்லை.

என் பயம் வேறு. இறப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடம் செல்லும். மரம் முப்பது வருடம் நிற்கும். புதிய இனம் ஒன்றைப் பரீட்சித்துச் சிபாரிசு செய்ய இருபது வருடத்துக்கு மேல் வேண்டும். அமைச்சுகளோ ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறுகின்றன. மரத்தின் காலமும் அரசியலின் காலமும் ஒன்றல்ல.

1980களில் கொரினெஸ்போரா என்ற இலை நோய் வந்தபோது, நல்ல விளைச்சல் தரும் என்று நட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103 இனத்தையே கைவிட வேண்டி வந்தது. ஆர்.ஆர்.ஐ.சி. 100 தாக்குப்பிடித்தது. எது விழும், எது நிற்கும் என்று சொல்ல முடிந்தது, பல இனங்களை வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு யாரோ குறித்து வைத்திருந்ததால்தான். 2019இல் பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற புதிய இலை நோய் வந்து விட்டது. இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் நமது தெஹியோவிட்ட லயங்களில் அடுப்பு யோசித்துத்தான் எரியும்.

ஆகவே எந்த இணைப்பு வந்தாலும் நான் கேட்கும் கேள்வி மூன்று. பரீட்சார்த்தத் தோட்டங்கள் அப்படியே இருக்குமா? பழைய பதிவேடுகளை யார் பொறுப்பெடுப்பார்? ஓய்வுபெறப் போகும் மூத்தவரிடம் வேலை பழக ஓர் இளையவர் இப்போதே நியமிக்கப்படுவாரா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் பெயர்ப்பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதட்டும்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குச் சொல்லப் போகிறேன்: "மகள், அந்த 'சி' அழியாம இருக்கிறது நல்லதுதான். அந்த மரத்துக்காக எத்தனை வருஷம் ஆக்கள் காத்திருந்தாங்க என்று அது சொல்லுது."