எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு, வரைபடத்திற்கு?



தராசும் கல்லுமாக வாழ்க்கை நடத்துகிற நமக்கும் வரைபடத்திற்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அது நம் கல்லாப்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கே நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது துவரம்பருப்பும் உளுந்துமாக நாற்பது மூட்டைக்கு வெளியூர் மண்டியில் ஆர்டர் கொடுத்திருந்தேன். என் கடை பெரம்பலூர் மாவட்டத்து வேப்பூரில். வண்டி போய் நின்றதோ கடலூர் மாவட்டத்து வேப்பூரில். டிரைவரைக் கேட்டால் கைப்பேசி காட்டிய வழியில் வந்தேன் என்கிறார். லாரி ஆபீசில் கேட்டால் பில்லில் வேப்பூர் என்று மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். பண்டிகை வியாபாரத்தில் ஒரு நாள் போயிற்று. கூடுதல் வாடகை என் தலையில் விழுந்தது. யாரைக் குற்றம் சொல்வது? இரண்டும் வேப்பூர்தான். செந்துறைக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை புரியும். அரியலூர் மாவட்டத்தில் ஒரு செந்துறை இருப்பது போலத் திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கத்திலும் ஒரு செந்துறை இருக்கிறது.

ஊர்ப் பெயர்தான் இப்படி என்றால் மாவட்டத்தின் பெயரும் நம்மைச் சும்மா விடவில்லை. அரியலூர் கடைத்தெருவில் ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கிற ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். 1995 வரை அது திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு திருச்சியைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம். 2002இல் மீண்டும் பெரம்பலூர் மாவட்டம். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர் மாவட்டம். பன்னிரண்டு ஆண்டில் நான்கு முறை முகவரி மாறிற்று; கடை ஓர் அங்குலம் கூட நகரவில்லை! பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, லைசென்ஸ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் மாற்றிக்கொண்டே வந்தார்கள் நம் சகோதரர்கள். இன்றும் சில படிவங்களில் அரியலூர்க் கடை பெரம்பலூர் மாவட்டம் என்று நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கிலோ எங்கிருந்து வந்தது?

இதற்கெல்லாம் என்ன வழி என்று யோசிக்கும்போது எனக்கு நம் எடைக்கல்தான் நினைவுக்கு வருகிறது. நம் தாத்தாக்கள் காலத்தில் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு மரக்கால். வீசை, பலம், சேர் என்று கணக்குப் போட்டே மண்டை காய்ந்துவிடும். ஒரு சந்தையில் வாங்கி இன்னொரு சந்தையில் விற்றவர் லாபம் பார்த்தாரா நஷ்டம் பார்த்தாரா என்பதை அளந்து முடித்த பிறகுதான் சொல்ல முடியும்.

அந்தக் குழப்பம் தானாகத் தீரவில்லை. 1875இல் பாரிஸ் நகரத்தில் 17 நாடுகள் கூடி, மீட்டரும் கிலோவும் எல்லோருக்கும் ஒன்றே என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் நாடு 1956இல் எடை அளவுகளுக்குச் சட்டம் இயற்றி, 1957இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தது. ஆக, நம் கடையில் இருக்கிற ஒரு கிலோ கல் சர்வதேச ஒத்துழைப்பில் பிறந்த பொருள்தான். ஆனால் பாரிஸில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. முத்திரை ஆய்வாளர் குறித்த காலத்தில் நம் ஊருக்கு வந்து கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை போட வேண்டியிருக்கிறது. தேய்ந்த கல்லை மாற்றுகிறோம். பிசகிய தராசைப் பழுது பார்த்து மறு முத்திரை வாங்குகிறோம். மேலே ஒப்பந்தம், கீழே முத்திரை. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் வாடிக்கையாளர் நம்மை நம்பிப் பொருள் வாங்குகிறார்.

வரைபட விஷயத்திலும் உலக நாடுகள் இப்போது அதே பாதையில் போகின்றன. மேலே ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கிறது. கீழே முத்திரையைத்தான் காணோம். என் கருத்து முழுவதும் இதுதான்.

அரசன் அளந்தான், கம்பெனி அளந்தது

நிலத்தை அளப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். வணிகர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அது. சுங்கத்தை நீக்கிய அதே அரசன்தான் 1086இல் நாட்டு நிலத்தை அளக்கவும் செய்தான். பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1802இல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய வேலை, பல பத்தாண்டுகள் நடந்து இமயமலை வரை போயிற்று. இந்திய நில அளவைத் துறை அதற்கும் முந்தியது, 1767இல் தோன்றியது.

அரசன் அளந்தது அரசுக்காக. கம்பெனி அளந்தது கம்பெனிக்காக. சுதந்திரம் வந்த பிறகும் துல்லியமான வரைபடம் என்றால் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பூட்டி வைக்கும் வழக்கமே நெடுங்காலம் நீடித்தது. 2021 பிப்ரவரி 15 அன்றுதான் மத்திய அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலேயே வரைபடம் தயாரிக்கலாம் என்று கதவைத் திறந்தது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. நகரம், கிராமம் எல்லாவற்றையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரையான நுணுக்கத்தில் 2030க்குள் அளந்து முடிப்பது அதன் இலக்குகளில் ஒன்று. நம் தராசுத் தட்டின் அகலம் கூட அதைவிட அதிகம்!

நியூயார்க்கும் ஹைதராபாத்தும்

இந்த மாற்றத்திற்குப் பின்னால் உலக நாடுகளின் கூட்டு முயற்சி இருக்கிறது. 2011 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றம், புவிசார் தகவல் மேலாண்மைக்கென்று ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. ஒவ்வொரு நாடும் தன் வரைபட நிர்வாகத்தைச் சீர்செய்துகொள்வதற்கான பொதுச் சட்டகம் ஒன்றை அந்தக் குழுவும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்தன. 2022 அக்டோபரில் இதற்கான ஐ.நா. உலக மாநாடு நம் பக்கத்து ஹைதராபாத்திலேயே நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். எவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதே அங்கே முழங்கிய கருத்து.

ஒரு நாடு கட்டாயம் சரியாக வைத்திருக்க வேண்டிய அடிப்படைத் தகவல்கள் என்று அந்த ஐ.நா. குழு 14 தலைப்புகளை வகுத்திருக்கிறது. அவற்றில் முகவரி ஒன்று, ஊர்ப் பெயர்கள் ஒன்று, மனைப் பிரிவுகள் ஒன்று, போக்குவரத்துப் பாதைகள் ஒன்று. இந்த நான்கில் எது நமக்குச் சம்பந்தமில்லாதது? சரக்கு வருவது பாதையால். வந்து சேருவது முகவரியால். கடை நிற்பது மனையின் மேல். பில் போடுவது ஊர்ப் பெயரில். நியூயார்க்கில் கோட்டுப் போட்டவர்கள் பேசுகிற விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பிழை நம் தெருவில் இருக்கிறது

ஆனால் பிழை எங்கே இருக்கிறது? நியூயார்க்கிலா? இல்லை, நம் தெருவில் இருக்கிறது. ஆகாயத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் நம் கடையின் கூரையைக் காட்டும். அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது மளிகைக் கடையா, மாட்டுக் கொட்டகையா, அந்தத் தெருவுக்கு ஊரார் வழங்குகிற பெயர் என்ன, பழைய கதவு எண் எது, புதிய கதவு எண் எது என்பதை அது எப்படி அறியும்? தெருவில் இருப்பவன் சொன்னால்தான் உண்டு. தெருவில் இருப்பவனைக் கேட்காமல் ஏட்டை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பாடம் இருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவு மேம்பாட்டைத்தான் சொல்கிறேன். நல்ல நோக்கத்தோடு செய்த வேலை அது. ஆனால் அதில் பெயர் மாறியும் பரப்பு குறைந்தும் போனவர்கள், பிள்ளைகள் காலம் வரைக்கும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். யூ.டி.ஆர். பிழை என்பது நம் கிராமங்களில் ஒரு பழமொழி போலவே ஆகிவிட்டது.

ஊர்ப் பெயரிலும் அப்படித்தான். தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுவது என்று 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு அரசாணை வந்தது. அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. ஜெயங்கொண்டத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் பழைய பில்களைப் புரட்டிப் பாருங்கள். கணினிக்கு ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர்!

இப்போது நம் கழுத்துக்கே வந்திருக்கிற விஷயத்தைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் தம் முதன்மைக் கடையின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்து உறுதி செய்யும் வசதி 2023இல் எல்லா மாநிலங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கணினி ஓர் இடத்தைக் காட்டும். சரி என்றால் ஏற்கலாம், தவறு என்றால் திருத்தலாம். ஆனால் இது ஒரு முறைதான், சமர்ப்பித்த பிறகு மாற்ற இயலாது என்று அப்போது வந்த அறிவிப்பு சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்தோம்? கணக்கு எழுதுகிற தம்பி அவசரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், நம் கடை காகிதத்தில் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விடும். தேய்ந்த எடைக்கல்லுக்கே மறு முத்திரை உண்டு. பிசகிய இருப்பிடத்திற்கு மறு முத்திரை வேண்டாமா?

ஒரு நியாயமான அச்சம்

நம்மை அடையாளம் காட்டிக் கொடுக்கிற வேலைக்கு நாமே துணை போவதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அதிகாரிகள் கையில் அகப்பட்டு அனுபவப்பட்டவர்கள் பேசுகிற பேச்சு அது. நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இருப்பிடத் தகவலை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் வரைபடத்தில் இல்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சாலையை அகலப்படுத்த அளக்கும்போது, ஏட்டில் பரப்பு குறைந்திருப்பவனுக்குத்தான் நஷ்டஈடு குறையும். பெரிய ஆன்லைன் கம்பெனிகள் தங்கள் காசில் தங்களுக்கென்று வரைபடம் வைத்துக்கொள்ளும். தங்கள் கிடங்கை அவை சரியாகவே காட்டிக்கொள்ளும். அரசின் பொது வரைபடம் பிசகினால் நஷ்டம் அவர்களுக்கல்ல, ஊர் மளிகைக் கடைக்காரருக்கு.

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, வரைபடப் பிழை, தெருப் பெயர்ப் பிழை, இருப்பிடப் பிழை எதுவானாலும் கொடுப்பதற்கு மாவட்டத்தில் ஒரே இடம். அங்கே மனுவுக்கு ரசீதும் தீர்ப்பதற்கு நாள் கெடுவும் வேண்டும். இரண்டு, ஊர்ப் பெயருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துமுறை. அதை எல்லாத் துறைகளும் பின்பற்ற வேண்டும். மூன்று, ஜி.எஸ்.டி. இருப்பிடத்தை, பிழை நேர்ந்தால், திருத்திக்கொள்ளும் வாய்ப்பு.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். கடை மனையின் விவரத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பில் தலைப்பில் ஊர்ப் பெயரோடு வட்டம், மாவட்டம், பின்கோடு மூன்றையும் போடுங்கள். பின்கோடு மட்டும் போதாது. 621 என்று தொடங்கும் எண்கள் திருச்சியிலும் உண்டு, பெரம்பலூரிலும் உண்டு, அரியலூரிலும் உண்டு. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடத்திற்கு ஒரு குறியீடு. கடைக்குரியதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் லாரிக்காரருக்குச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. இருப்பிடத்தை உறுதி செய்யும்போது முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நமது சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். தெருவுக்கு இரண்டு உறுப்பினரை வைத்து, தெருப் பெயர், பழைய எண், புதிய எண், கடைப் பெயர் என்று ஒரு பட்டியல் எடுத்தால் ஒரு மாதத்து வேலை. அதைக் கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தால், வாயால் சொல்கிற நூறு புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம். எந்த வல்லுநர் குழுவிடமும் இல்லாத தகவல் நம்மிடம் இருக்கிறது. எந்தச் சந்தில் லாரி திரும்பும், எந்தச் சந்தில் திரும்பாது என்பது நமக்குத்தானே தெரியும்?

கல்லில் முத்திரை இல்லை என்றால் நமக்கு அபராதம் போடுகிறார்கள். அது நியாயம்தான். அதே நியாயத்தை நம் இருப்பிடத்தைக் குறிக்கிற வரைபடத்திற்கும் கேட்போம். அடுத்த தீபாவளிக்காவது என் பருப்பு மூட்டை என் வேப்பூருக்கே வந்து சேரட்டும்.