மணியைச் செய்த கையின் பெயர்

உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணல் ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட வினா இது: "நீங்கள் தொல்லியலா, நாட்டார் வழக்காற்றியலா? ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள்." அன்று எனக்கு விடை சொல்ல வரவில்லை. ஆய்வேட்டின் இறுதி இயலை எழுதும் இந்நாட்களில் அவ்விடை தெளிவாகியிருக்கிறது. என்னைப் போன்ற மாணவர்கள் பலர் இதே வினாவை எதிர்கொள்வதால் இங்கே பதிகிறேன்.

குஜராத்தின் கம்பாத் நகரில் இன்றும் சூதுபவள மணிகள் செய்யப்படுகின்றன. ரத்தன்பூர்ப் பகுதியில் தோண்டியெடுத்த கல்லை வெயிலில் உலர்த்தி, மண்கலத்தில் இட்டுச் சுட்டுச் செந்நிறம் ஏற்றுகிறார்கள். நிலத்தில் ஊன்றிய இரும்புக் கம்பியின் முனையில் கல்லைச் சார்த்தி, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டுகிறார்கள். சில்லு பெயர்வது அடி விழும் புறத்தில் அன்று. கம்பி முனையைத் தொடும் புறத்தில். பின்னர் தேய்த்தல், வில்துளைப்பானால் துளையிடுதல், மெருகேற்றல்.

இப்பட்டறைகளை கெனோயர், விடாலே, குல்தீப் பான் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரை ஹரப்பா ஆய்வில் முக்கியமானது. முதலாளியின் பெரிய பட்டறைக்கும் தனிக் கைவினைஞரின் சிறு பட்டறைக்கும் உள்ள வேறுபாடு கழிவுச் சில்லுகளில் எவ்வாறு பதிகிறது என்பதை அது காட்டியது. கம்பாத் வளைகுடாவை ஒட்டிய லோத்தலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிப் பட்டறையையும், மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்த நீண்ட சூதுபவள மணிகளையும் நாம் இன்று விளங்கிக்கொள்ளும் விதத்தில், எழுத்தறியாத கைவினைஞர் பலரின் கையறிவு கலந்திருக்கிறது. நம் கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளை ஆராய்வோருக்கும் அவ்வறிவு பயன்படுகிறது.

ஆயினும் அருங்காட்சியகத்தில் அம்மணி எவ்வாறு அறிமுகமாகிறது? "சூதுபவள மணி, ஹரப்பா பண்பாடு, பொ.ஆ.மு. 2500." பொருள் இருக்கிறது, காலம் இருக்கிறது. அதை எவ்வாறு செய்வது என்று நமக்குக் கற்பித்தவர் இல்லை.

இது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். கம்பாத்தில் மின்சாரச் சக்கரத்தில் கல்லைத் தேய்க்கும்போது எழும் நுண்தூள் தொழிலாளரின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அந்நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை. 'கம்பாத் அகேட்' கற்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அவற்றைத் தேய்ப்பவருக்குத் தூசற்ற காற்று கிடைத்தபாடில்லை. நம் ஆய்வுக்கு ஊற்றான அறிவு, அதனை உடையவரின் மூச்சோடு சேர்ந்து அழிகிறது. இதைக் கண்டும் "அது தொழிலாளர் நலத்துறையின் வேலை" என்று ஒதுங்கும் துறை எத்தகைய துறை?

ஒதுங்குவதற்கு நம் கல்வி அமைப்பே பழக்குகிறது. தேசியத் தகுதித் தேர்வில் தொல்லியல் ஒரு பாடம். அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் வேறொரு பாடம். நாட்டார் இலக்கியம் மற்றொரு பாடம். ஒன்றில் தேர்ந்தவர் பிறிதொன்றில் அயலார். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையோ மரபுக் கைவினைத்திறனைத் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபின் ஒரு களமாகவே வகுத்தது. அதனோடு இணைந்த கருவிகளையும் பொருள்களையும் அவ்வரையறைக்குள் சேர்த்தது. இந்தியா 2005இல் அதனை ஏற்றது. 2014இல் பஞ்சாபின் ஜண்டியாலா குரு ஊரைச் சேர்ந்த தட்டேராக்களின் பித்தளை, செம்புப் பாத்திரத் தொழில் பட்டியலில் இடம்பெற்றது. அருங்காட்சியகங்களின் பன்னாட்டு மன்றம் 2022இல் ஏற்ற புதிய வரையறையும் இருவகை மரபுகளையும் ஒருங்கே பேசுகிறது. ஒப்பமிட்ட ஆவணங்கள் இணைத்தவற்றை நம் பாடத்திட்டங்கள் இன்னும் பிரித்தே வைத்திருக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய கைவினைஞரை நாலாயிரம் ஆண்டுப் பழமையின் எச்சமாகக் காண்பது பிழை என்பர். உண்மை. கம்பாத்தில் இன்று துளைப்பது வைரமுனை. ஹரப்பா மக்கள் துளைத்தது கடினமான கல்முனை. அவர்களுக்கு மின்சாரச் சக்கரமும் இல்லை. ஆனால் இவ்வேறுபாட்டைக் கண்டறிவதற்கே இருதுறைப் பயிற்சி வேண்டியிருக்கிறது. பட்டறையில் அமராதவர்தாம் ஒப்புமையை எளிதில் நம்பிவிடுகிறார்.

எனவே மூன்றை வேண்டுகிறேன். முதலாவது, தொல்லியல் முதுகலையில் ஒரு பருவமேனும் உயிர்த்தொழிற் களப்பணி கட்டாயமாகட்டும். இரண்டாவது, கைவினைஞர் தந்த அறிவுக்கு, அவர் இசைவுடன், கட்டுரையிலும் காட்சிக் குறிப்பிலும் பெயர் இடுவோம். ஆய்வு நிதியில் அவர் உழைப்புக்கு ஊதியமும் ஒதுக்குவோம். மூன்றாவது, பணித் தேர்விலும் பதவி உயர்விலும் ஆவணப்படுத்தலையும் காட்சி அமைப்பையும் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக மதிப்பிடுவோம். இம்மூன்றாவது இல்லையேல் முதல் இரண்டையும் இளம் ஆய்வாளர் எவரும் துணிந்து செய்யமாட்டார். அவருக்கும் வேலை வேண்டுமன்றோ?

அந்த நேர்காணல் குழுவுக்கு இன்று என் விடை இதுதான்: மணியைப் படிக்க வந்தேன், அதைச் செய்யும் கையை விட்டுவிட்டு மணியை மட்டும் படிக்க இயலாது என்று கற்றேன். இதற்கு எந்தத் துறையின் பெயர் பொருந்துமோ, அதையே எழுதிக்கொள்ளுங்கள்.